நாற்பத்திரண்டு கொடிகளும் ஒரு மச்சினனும்

அந்த டாக்ஸி ஓட்டுநருக்குச் சந்துக்காரர் என்று பட்டப்பெயர். பெரிய சாலை என்று ஒன்று இருப்பதையே அவர் வதந்தியாகத்தான் கருதினார். தினமும் காலையில் மூன்று கிளினிக்குகளில் ரத்த மாதிரிகளை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, ஒன்பது மணிக்குள் லேபில் சேர்க்க வேண்டும். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமில்லை. குடும்பம் ஓடியது அந்த ஒரு வேலையில்தான். மற்ற சவாரியெல்லாம் பெட்ரோலுக்குச் சரி.

லேபுக்குப் புது மேனேஜர் வந்தார். புதிதாக வந்தவர் சும்மா இருக்க முடியுமா? வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி இல்லாத வண்டிக்கு அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை என்று சுவரில் எழுதி ஒட்டினார். செல்போன்களுக்குப் பேச மட்டுமே தெரிந்திருந்த காலம் அது.

"எனக்கே வழி காட்டப்போகுதாம்" என்று சந்துக்காரர் வீட்டில் புலம்பினார்.

"என் தம்பியக் கேளுங்க. இதுலயெல்லாம் அவன் கில்லாடி" என்றாள் மனைவி.

தம்பி ஒரு டாக்ஸி கம்பெனியில் ஓட்டுநர். மறுநாளே எங்கோ தேடி, சோப்புக்கட்டி அளவில் ஒரு பழைய கருவியோடு வந்தான்.

"கார்ல வைக்கிறது நாலு மடங்கு விலை மாமா. இது மலை ஏறுறவங்க கைல புடிச்சுட்டுப் போறது. மேல இருக்கிற சாட்டிலைட்டுக்குக் காருன்னு தெரியுமா, காலுன்னு தெரியுமா?"

சிகரெட் லைட்டர் ஓட்டையிலிருந்து ஒயரை இழுத்து டேப் ஒட்டினான். கருவி வழுக்காமலிருக்க, பழைய சாக்ஸில் மணலை நிரப்பித் தைத்து, அதன்மேல் ரப்பர் பேண்டால் கட்டினான். மேனேஜர் எட்டிப் பார்த்தார், விளக்கு எரிந்தது, கையெழுத்துப் போட்டார். விஞ்ஞானம் வென்றது.

ஒரே குறை, கருவிக்கு ஒன்றும் தெரியாது. திரையில் நான்கு பெரிய சாலைகளும் ஓர் அம்புக்குறியும்தான். நடுவில் ஆஸ்பத்திரியே இருந்தாலும் அம்பு நேராகத்தான் காட்டும். ஒன்றும் தெரியாததை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு போகச் சந்துக்காரருக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குப் பாடம் நடத்தத் தொடங்கினார். திருப்பத்தில் நின்று பொத்தானை அழுத்திப் பிடித்தால் திரையில் ஒரு குட்டிக் கொடி நடப்படும். அதற்குப் பெயர் வைக்க, ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகத் தேடித் தமிழை உள்ளே தள்ள வேண்டும். மூன்று மாதம், நாற்பத்திரண்டு கொடிகள். 'நாய் சந்து', 'பள்ளம் ஜாக்கிரதை' என்று பெயர்கள். ஒரு சந்து மட்டும், வாயில் நின்று பார்த்தால் ஊரையே கடத்திவிடும்போல இருக்கும். உள்ளே போனால் சுவர். நன்றாக யோசித்து அதற்கு 'மச்சினன் முட்டு' என்று பெயர் வைத்தார்.

"ரெண்டு நாள் குடுங்க மாமா, மலைக்குப் போறோம்" என்று ஒரு லீவு நாளில் கருவியை வாங்கிப் போன மச்சினன், சொன்னபடி திருப்பிக் கொடுத்தான். சாக்ஸைத் துவைத்து, மணலையும் மாற்றியிருந்தான். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது கிளினிக் வாசலில் டாக்ஸி கம்பெனி யூனிஃபார்ம் போட்ட ஒருவன் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்: "அண்ணே, மச்சினன் முட்டு தாண்டி அடுத்த சந்துதானே?"

சந்துக்காரர் ஐஸ் பெட்டியோடு நின்றார். அந்தப் பெயரை அவர் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. அவர் கட்டைவிரலுக்கு மட்டுமே தெரிந்த பெயர்.

"அந்த டாக்ஸி கம்பெனிக்காரங்ககிட்டயும் எல்லா வழியும் இருக்கு. வண்டியும் அஞ்சு இருக்கு. ஒண்ணாந்தேதிலேர்ந்து அவங்கதான்" என்றார் லேபில் மேனேஜர், மிக மரியாதையாக.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால், மச்சினன் புதுச் சட்டையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சூப்பர்வைசர் ஆகிவிட்டானாம்.

"எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துட்டியேடா."

"காப்பிதானே பண்ணேன் மாமா. உங்களுது உங்ககிட்டயேதான இருக்கு?"

"என்ன எழுதியிருக்குன்னாவது படிச்சியா?"

"கேபிளச் சொருகுனா தானாப் போயிடுது. நாப்பத்திரண்டையும் எவன் படிக்கிறது?"

"பதினேழாவதப் படி." கருவியை அவன் தட்டருகே வைத்தார்.

மச்சினன் எழுத்துக் கூட்டிப் படித்தான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. "இதையா எங்க டிரைவருங்க தினம் பாக்குறாங்க?" என்றான் சின்னக் குரலில். "உங்களப் போய் நம்புனேனே மாமா."

"என் தம்பி முட்டுச்சந்தா?" என்றாள் மனைவி. "கூடப் பொறந்தவனா நெனச்சு உங்களுக்கு அலைஞ்சு வாங்கிக் குடுத்தான். மனசுல இதையா வச்சிருந்தீங்க?" அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. சந்துக்காரருக்குத் தட்டே வரவில்லை.

காரில் போய் உட்கார்ந்து கொடிகளை ஒவ்வொன்றாக அழித்தார். ஒவ்வொன்றுக்கும் கருவி 'நிச்சயமா?' என்று கேட்டது. பதினோரு வருடத்தில் அவரை அப்படிக் கேட்டது அது ஒன்றுதான். நாற்பத்திரண்டும் போன பிறகு ஒன்று மிஞ்சியது. முதல் நாள் பழகுவதற்காக வாசலில் நட்ட, கணக்கில் சேராத கொடி. 'வீடு'. அதையும் அழுத்தினார்.

நிச்சயமா?

கட்டைவிரல் பொத்தான்மேல் நின்றது. உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "என்னங்க, தம்பிய ஆபீஸ்ல விட்டுட்டு வாங்க. பெரிய ரோட்டுலயே போங்க. பாவம், அவனுக்கு மனசே சரியில்ல."

முன்பக்கக் கதவைத் திறந்து மச்சினன் ஏறினான். கேள்வி இன்னும் திரையில் எரிந்துகொண்டிருந்தது.