நெடுந்தீவில் துரை தேடிய சோள ரொட்டி

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன்: கீழே வருகிறதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பொய்யென்றால் இந்த நாக்கு புழுத்துப் போகட்டும். எழுபத்தைந்து வயதில் அதுக்கு வேறு வேலையும் இல்லை.

அடுத்தவனுக்குச் சமைக்கிறவன் நேரத்துக்கு நேரம் சாப்பிடுகிறவனைப் பெற்றவளோடு போட்டிக்கு நிற்கிறான். அவள் ஒருநாளும் தோற்கமாட்டாள். பிறர் குசினியில் வெந்துபோன சகபாவிகளே, உங்களுக்கு இது தெரியும். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

தாண்டுபோன கப்பல்

அறுபதுகளின் நடுவில் நெடுந்தீவுக்கு ஓர் அமெரிக்கத் துரை வந்து இறங்கினார். எங்கள் தீவில் கட்டாக்காலியாகத் திரிகிற குதிரைகளை எண்ணி, அளந்து, புத்தகம் எழுதப் போகிறாராம். பிறந்த நாள் முதல் அந்தக் குதிரைகளைக் கல்லெறிந்து கலைத்தவர்கள் நாங்கள்; அதுக்கு ஒரு படிப்பு இருக்கென்று அன்றைக்குத்தான் தெரியும். பழைய அரசாங்க பங்களாவில் தங்கிய துரைக்குச் சமைத்துப்போட ஒரு கோக்கி தேவைப்பட்டது. நானோ கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருசம் கோப்பை கழுவிவிட்டு, அதுவும் போய், மனைவி செல்லம்மாவுக்கும் மூன்று பெண் பிள்ளைகளுக்கும் நடுவில் சும்மா குந்தியிருந்தேன். அமெரிக்கக் கப்பலில் ஏழு வருசம் சமைத்தவன் என்று போய் நின்றேன். முன்பக்கத்தில் காய்ச்சின சூப் பின்பக்கம் போகமுதல் ஆறிவிடும், அவ்வளவு நீளக் கப்பல் என்றேன். கப்பலின் பெயரைக் கேட்டார். அது நடுக்கடலில் தாண்டுபோச்சு என்றேன்.

ஒரு மாதம் பார்ப்பாராம். சரிவராவிட்டால் யாழ்ப்பாணத்திலிருந்து வேறு ஆளாம். முதல் நாள் மீனைப் பொரித்து, உருளைக்கிழங்கை அவித்து, இரண்டுக்கும் மேலே மிளகு தூவி வைத்தேன். துரை புத்தகத்தில் தமிழ் படித்தவர், வாய் திறந்தால் கோயில் பிரசங்கம் மாதிரி இருக்கும். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார். "உமது கப்பல் ஏன் மூழ்கியது என்று இப்பொழுது எனக்கு விளங்குகிறது," என்றார்.

சங்கக் கடையில் வாங்கிய அமெரிக்கா

இரண்டாம் கிழமை, தன் நாட்டுச் சாப்பாடு ஒன்று வேண்டும் என்றார். எனக்குத் தெரிந்து தீவில் அந்த நாட்டுப் பெயரோடு இருந்தது ஒரேயொரு சாமான். கோதுமை மாவுக்கு எங்கள் பக்கத்தில் அமெரிக்கன் மா என்றுதான் பெயர். கூட்டுறவுச் சங்கக் கடையில் இரண்டு இறாத்தல் வாங்கி, அவித்து, அரித்து, தேங்காய்ப்பூ போட்டுப் புட்டு அவித்து, நண்டுக் கறியோடு வைத்தேன். வேர்க்க வேர்க்க முழுவதையும் சாப்பிட்டார். "மிகவும் சுவையாக உள்ளது. என் நாட்டில் எவரும் இதைக் கண்டதே இல்லை," என்றார்.

பார்த்திராத கிழவிக்கு

அடுத்த கிழமை அவருக்குக் கடிதம் வந்தது. தாய் செத்துப்போனாள், கடிதம் நெடுந்தீவைத் தேடிப் பிடிக்கமுதல் அவளைப் புதைத்து மூன்று கிழமை. துரை அழவில்லை. ஞாயிறு தோறும் தாய் சுடுகிற மஞ்சள் சோள ரொட்டியைப் பற்றி மட்டும் சொன்னார், கையால் அதன் தடிப்பைக் காட்டினார். கப்பலில் நாளுக்கு நூறு சுட்டனான் என்றேன். வேறென்ன சொல்ல? மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிவிட்டேன், கஸ்டர்ட் காய்ச்சுகிற வெள்ளைச் சோள மா வந்தது. அதில் சுட்டதை வைத்துத் துரை குதிரைப் படங்களைக் கொப்பியில் ஒட்டினார். பேந்து வன்னியிலிருந்து காய்ந்த சோளம் எடுப்பித்துச் செல்லம்மாவை இடிக்கச் சொன்னேன். கை கொப்பளிக்க இடித்தாள். ரொட்டி ஓடு மாதிரி வந்தது. உலக்கையைச் சுவரோடு சாத்திவிட்டு அவள் சொன்னாள்: "என்ர அம்மான்ர செத்த வீட்டுக்கு நீங்கள் வரேல்லை. இப்ப ஆரின்ரையோ அம்மாவுக்கு என்னைக் கொண்டு மா இடிப்பிக்கிறியள்."

மாட்டோடு பங்கு

இன்னும் இரண்டு நாள். பக்கத்து வளவுக் கந்தையா அண்ணை வீட்டு வேலிக் கல்லுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அவருடைய மாடு சட்டியில் மஞ்சள் மா தின்றுகொண்டு நின்றது. உள்ளே பாய்ந்து ஒரு நுள்ளு எடுத்து நாக்கில் வைத்தேன். இனிப்பு. சோளம்.

கந்தையா அண்ணை விசயத்தைச் சொன்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி காய்ச்ச அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வருகிற மா அது. கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகள், காலையில் ஒன்றும் தின்னாமல் வருகிறதுகள், தகரக் குவளையோடு வரிசையில் நின்று குடிக்கும். காணி பூமி உள்ள வீட்டுப் பிள்ளைகள் மஞ்சள் மா மாட்டுக்குத்தான் என்று தொடாதுகள். அவர்களுடைய பங்கு கிடந்து வண்டு விழும். வண்டு விழுந்ததைத் தலைமை வாத்தியார் கந்தையா அண்ணைக்குக் கொடுப்பார். அதுக்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் இரண்டு போத்தல் பசுப்பால் பள்ளிக்கூடத்துக் கஞ்சிக்குப் போகும். வாத்தியார் தன் தேத்தண்ணியை வெறும் தேத்தண்ணியாகத்தான் குடிப்பார்.

சாக்கில் மிச்சம் இல்லை. சட்டியில் கிடந்ததுதான் கடைசி. மாடு ஒரு பக்கத்தால் நக்க, நான் மற்றப் பக்கத்தால் அள்ளி வெறுஞ்சாக்குக்குள் போட்டேன். கந்தையா அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "மாட்டிட்டப் பறிச்சுத் தின்னுற மனிசனை இண்டைக்குத்தான் காணுறன்," என்றார்.

சாக்கில் இருந்த எழுத்து

அரித்தேன், மூன்று தரம் அரித்தேன். மோர் விட்டுக் குழைத்து, மணல் பரப்பின சட்டிக்குள் வைத்து, மூடிக்கு மேலே தணல் போட்டேன். திறந்தபோது குசினி முழுக்க ஒரு வாசம். நான் அறியாத ஆருடையவோ வீட்டு வாசம். துரை ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். கடிதம் வந்த அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வேலை நிலைத்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால்? முகம் கழுவக் குசினிப் பக்கம் வந்தவர் அந்தச் சாக்கைக் கண்டார். இரண்டு கைகள் குலுக்குகிற படம், கீழே ஆங்கில எழுத்து. விற்பனைக்கு அல்ல என்று வாசித்துக் காட்டினார். இது எப்படி உம்மிடம் வந்தது என்று கேட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் தாயை நினைத்து அழுத கண் இன்னும் காயவில்லை; நீர் தின்றது மாட்டுச் சட்டியில் அள்ளினது என்று எந்த வாயால் சொல்ல? சொன்னால் கப்பலும் போகும், வேலையும் போகும். தலைமை வாத்தியாரிடம் விலைக்கு வாங்கினேன் என்றேன். துரை அந்தச் சாக்கை மடித்துக் கையில் எடுத்தார். "என் தாயும் ஓர் ஆசிரியை. இதை அதிகாரிகளுக்கு எழுதாமல் இருக்க என்னால் இயலாது," என்றார்.

றங்குப் பெட்டி

ஒன்றரை மாதத்தில் ஒரு உத்தியோகத்தர் வந்தார். வாத்தியாரிடம் மாவை வெளியில் கொடுத்தீரா என்று கேட்டாராம். பொய் சொல்லத் தெரியாத மனிசன், ஓம் என்றாராம். பால் கதையை அந்த உத்தியோகத்தர் எழுதிக்கொள்ளவே இல்லை. வாத்தியாருக்குத் தூர இடத்துக்கு மாற்றம். மூட்டை வருவதும் நின்றது. கடற்கரைப் பிள்ளைகள் ஒரு கிழமை வரைக்கும் குவளையோடு வந்து நின்றார்கள், பேந்து குவளை கொண்டுவரவில்லை, பேந்து சில பேர் வரவே இல்லை.

வாத்தியார் வெளிக்கிட்ட அன்று நான்தான் அவருடைய றங்குப் பெட்டியைத் துறைக்குச் சுமந்துபோனேன். வேறு ஒருவரும் வரவில்லை. பிள்ளைகளின் மாவை விற்ற ஆள் என்று ஊர் அவரை ஒதுக்கியிருந்தது. துரையின் ரொட்டிக்கு நான் சாக்குக்குள் அள்ளினதைக் கந்தையா அண்ணை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வள்ளத்தில் ஏறி இருந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கோபமில்லாமல் கேட்டார்: "ரொட்டி நல்லா வந்ததோ, சின்னத்தம்பி?"

நான் பதில் சொல்லமுதல் வள்ளம் வெளிக்கிட்டுவிட்டது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் சத்தியம் பண்ணிவிட்டேன். அது வெளிக்கிட அரை மணித்தியாலம் எடுத்தது.

உண்மையான அமெரிக்கச் சாப்பாடு தெரிந்த ஒரே கோக்கி இவன்தான் என்று துரை எழுதித் தந்த கடிதம் இன்னும் என் அலுமாரிக்குள் கிடக்கிறது. கதையை ஆருக்கும் சொல்லுங்கோ, சொன்னது நான் என்று மட்டும் சொல்லிப்போடாதேங்கோ, ஊர் இன்னும் வாத்தியாரைத்தான் ஏசுகிறது.