சீட்டா இரையை விட்டுப் போகும் இடம்

எங்கள் கடையில் இருந்தது ஒரே ஒரு வீடியோ கேசட். கறுப்புக் கேசட், முதுகில் ஒட்டியிருந்த தாளை யாரோ பாதி கிழித்துவிட்டிருந்தார்கள். டிவிப் பெட்டிகளோடு சேர்ந்து கொழும்பிலிருந்து வந்தது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒரு தாய்ச் சீட்டா வேட்டையாடுவதுதான் படம். கண்டிக்குக் கலர் டிவி வந்த புதிது அது. காலையில் கடை திறந்து ஊதுபத்தி காட்டியதும் முதலாளி கேசட்டை டெக்கில் தள்ளுவார். கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து டிவிகளில் ஒரே சீட்டா ஒரே நேரத்தில் கொட்டாவி விடும். நடைபாதையில் கூட்டம் நின்றுவிடும். படத்துக்குள் ஒரு வெள்ளைக்காரர் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய சத்தத்தை அடைத்துவிட்டு நான் பேசுவதுதான் என் உத்தியோகம். சேல்ஸ்மேன் என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். உண்மையில் நான் டிவி விற்கவில்லை; நாள் முழுக்க அந்தச் சீட்டாவை விற்றுக்கொண்டிருந்தேன்.

முதலாளி வத்தேகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ரேடியோ திருத்தக் கற்றுக்கொண்டு, கண்டிக்கு வந்து, கடை போட்டு, கடைக்கு மேலேயே மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் குடியிருந்தார். பெரிய மீசை. அதைவிடப் பெரிய குரல். பக்கத்துக் கடைக்காரர் தன் பெயர்ப்பலகையை எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளி மாட்டியபோது, ஏணியைத் தானே தோளில் சுமந்துகொண்டு போய், பலகையைக் கழற்றி, அதன் இடத்தில் மாட்டிவிட்டு வந்து சோறு சாப்பிட்டவர். வீதியில் எவனாவது குரலை உயர்த்தினால், "என்னாடா அங்க?" என்று இவர் உள்ளிருந்தே ஒரு சத்தம் போடுவார், வீதி அடங்கிவிடும். அப்படிப்பட்டவர் சிரிக்கத் தொடங்கினால் மேசையில் கிடக்கும் ஆணிகள் உருளும். அவரைச் சிரிக்க வைப்பதுதான் எனக்குச் சம்பளத்துக்கு மேலே கிடைத்த சம்பளம்.

என் வருணனையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் வரும் வெட்கம் விளங்காது. "இங்க பாருங்கம்மா, கண்ணுல இருந்து வாய் வரைக்கும் ரெண்டு கறுப்புக் கோடு. அழுது மை கரைஞ்சது இல்லீங்க, வெயிலு கண்ணக் கூசாம இருக்க. சிங்கமும் கழுதைப்புலியும் ராத்திரி டூட்டி, இவங்க பகல் டூட்டி, நம்ம மாதிரி" என்று ஆரம்பிப்பேன். சீட்டா கறையான் புற்றின் மேல் ஏறி நின்று மான் கூட்டத்தைப் பார்க்கும்போது நான் ஸ்டூலில் ஏறி நிற்பேன். அது வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு புல்லுக்குள் ஊரும்போது நான் குளிர்பெட்டிகளுக்கு நடுவே ஊருவேன். பிறகு ஓட்டம். முதுகெலும்பு வில்லாய் வளைந்து நிமிர, நாலு காலும் காற்றில் மிதக்க, மான் ஒடிந்து திரும்பும் பக்கமெல்லாம் வாலைச் சுக்கானாக வீசி, முன்னங்காலால் ஒரு தட்டு, மான் உருளும், தொண்டையில் வாய். எல்லாம் ஒரு மூச்சு நேரம். அதற்குள் நான் கடையை இரண்டு சுற்றுச் சுற்றி வாடிக்கையாளர் காலடியில் விழுந்து கிடப்பேன். அக்குறணை ஹாஜியார் ஒருவர், "இதென்ன தம்பி, நம்மட காட்டுல ஈக்கிற புலியா?" என்று கேட்க, பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து மாஸ்டர், "இல்லை ஹாஜியார், உது வேற. எங்கட சிறுத்தைக்கு வட்டம் வட்டமாப் பூ இருக்கும். உதுக்குப் பொட்டு மட்டும்தான். சிறுத்தை மரத்தில ஏத்தி வச்சுத் தின்னும், உது பாவம், நிலத்திலதான்" என்று திருத்தினார். ஹாஜியார் டிவி வாங்கினார். மாஸ்டர் திருத்தத்தோடு போய்விட்டார்.

அந்த 'நிலத்திலதான்' என்பதில்தான் என் கைச்சரக்கு இருந்தது. ஓடிப் பிடித்த சீட்டாவால் உடனே சாப்பிட முடியாது. விலா எலும்பு புடைக்க இரைத்துக்கொண்டு மானுக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். அந்த நேரம் பார்த்துக் கழுதைப்புலிகள் வரும். சீட்டா எழுந்து ஒரு தடவை சீறும். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, பிடித்ததை அப்படியே போட்டுவிட்டுப் போய்விடும். நான் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுச் சொல்வேன்: "பாத்தீங்களா? ஓட்டத்துல ஒலகத்துக்கே மொத ஆளு. ஒரு அதட்டு அதட்டுனா சோத்தையும் விட்டுட்டு ஓடுற ஆளு! ஆனா இந்த டிவி அப்புடி இல்லீங்க. ஒங்க வீட்டுக்குள்ள வந்துட்டா எவன் அதட்டுனாலும் நகராது!" கூட்டம் சிரிக்கும். முதலாளி எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பார். சிரிக்கிற ஆள்தான் வாங்குகிற ஆள் என்பது என் தொழில் வேதம். அதனால் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, கேசட்டைப் பின்னால் ஓட்டிவிடுவேன். சீட்டா மறுபடி கொட்டாவி விடும். மிச்சப் படம் ஓடுவது மத்தியானத்தில் மட்டும்; முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிடும்போது. அந்த நேரம் நான் பின்பக்கத்துத் தேநீர்க்கடையில் என் புகழைப் பற்றி நானே பேசிக்கொண்டிருப்பேன்.

தமிழர் கடைகளைத் தேடிக் கொளுத்திய அந்த எண்பத்து மூன்றாம் வருடக் கலவரம் கண்டிக்கும் வந்தது. அதைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் பார்த்தது ஓர் அட்டைப்பெட்டியின் உட்பக்கத்தை மட்டும்தான். முற்பகல் நேரம். வீதியின் கீழ்க்கோடியில் புகை. நாங்கள் இறக்கியிருந்த ஷட்டரைப் பொல்லு தடிகளோடு வந்தவர்கள் மேலே தள்ளினார்கள். உலகத்திலேயே வேகமான பிராணி எது என்று அந்தக் கணத்தில் யாராவது கேட்டிருந்தால் என்னைத்தான் காட்டியிருக்க வேண்டும். பெரிய டிவி ஒன்று வந்த வெறும் பெட்டிக்குள் நான் எப்படிப் போனேன், எப்படி மூடிக்கொண்டேன் என்பது இன்றுவரை எனக்கே தெரியாது. சரக்கு என்று நினைத்து என்னையும் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். வீட்டில் போய் எந்தப் பட்டனைத் திருகினாலும் படம் வந்திருக்காது.

இருட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு நான் காத்திருந்தது அந்த "என்னாடா அங்க?" சத்தத்துக்கு. ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பி எப்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் சாய்ந்திருக்கும். கம்பி தரையில் உரசும் சத்தம் வரவில்லை. சாவிக்கொத்தைக் கண்ணாடி மேசையில் வைக்கும் சத்தம் வந்தது. தண்ணீர் கேட்பது போன்ற குரலில், சிங்களத்தில், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு பின்படிக்கட்டில் பிள்ளைகளின் செருப்புச் சத்தம் இறங்கிப் போயிற்று. பெட்டிகள் இழுபட்டன. எதுவோ உடைந்தது. பெற்றோல் வாடை வந்தது. அப்போது என் தலைக்கு மேல் அட்டை திறந்து ஒரு கை உள்ளே வந்து காதைப் பிடித்தது. "வாடா கழுதை." போகிற வழியில் என்னையும் எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

தேநீர்க்கடைக்காரர் சிங்களவர். முதலாளியின் மனைவியும் பிள்ளைகளும் முன்பே ஒளிந்திருந்த தன் அடுப்படிக் குசினியின் கதவைத் திறந்து எங்களையும் உள்ளே விட்டு, வெளியே போய்க் கடை வாசலில் சும்மா நிற்பவர் போல நின்றுகொண்டார். சின்ன ஜன்னல் வழியாக எங்கள் டிவிகள் ஒவ்வொன்றாகத் தோளேறிப் போவது தெரிந்தது. முதலாளியின் சின்ன மகளுக்கு ஏழு வயது இருக்கும். அவள்தான் கேட்டாள்: "கம்பி இருந்துச்சுதானேப்பா? நீங்க ஏன் அவங்கள அடிக்கல?" முதலாளி அவிழ்ந்திருந்த அவள் ரிப்பனைக் கட்டத் தொடங்கினார். கட்டத் தெரியவில்லை. அம்மா வாங்கிக் கட்டும்வரை விரலைச் சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்குள்ளும் அதே கேள்விதான். இத்தனை நாள் வீதியை அடக்கிய மனிதர் இப்படிச் சாவியைக் கொடுத்துவிட்டாரே என்று அவருக்காக நான் வெட்கப்பட்டேன். பெட்டிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டவன் பட்ட வெட்கத்தைப் பாருங்கள்!

பிறகு அகதிகளாக ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோம். எல்லா ஊர்க்காரர்களும் இருந்தார்கள். பிள்ளைகள் அழுதார்கள், பெரியவர்கள் அழாமல் இருந்தது அதைவிட மோசமாக இருந்தது. சின்ன மகள் அப்பாவோடு சரியாகப் பேசுவதில்லை. அவர் அழைத்தால் வருவாள், உட்காருவாள், வேறெங்கோ பார்ப்பாள். அவர் அதைக் கவனிக்காதது போல இருக்கப் பார்த்தார். அந்த மீசைக்கு அந்த நடிப்பு வரவில்லை. ஒரு பகல், நாவலப்பிட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி, நீங்க சீட்டா மாதிரி ஆடுவீங்களாமே, இந்தப் பாப்பா சொல்லுது. புள்ளைங்களுக்குக் கொஞ்சம் காட்டுங்களேன், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். கோமாளியிடம் கேட்டால் விடுவானா? கதிரையில் ஏறினேன். பாய்களுக்கு நடுவே ஊர்ந்தேன். ஓடினேன். மண்டபமே எழுந்து உட்கார்ந்துவிட்டது. மானைப் பிடித்தேன், இரைத்தேன், கழுதைப்புலியாகவும் நானே வந்தேன். வாய் தானாக ஓடிக்கொண்டிருந்தது. "ஓட்டத்துல ஒலகத்துக்கே மொத ஆளு, ஒரு அதட்டு அதட்டுனா..." என்று வந்த பிறகுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த முதலாளி என் கண்ணில் பட்டார். நிறுத்திவிட்டேன்.

ஆனால் அந்த வசனத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒருத்தி அங்கே இருந்தாள். "சோத்தையும் விட்டுட்டு ஓடுற ஆளு!" என்று சின்ன மகள் மணி போலச் சொல்லி முடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு சிரிப்பு வாயிலேயே நிற்க, மெல்லத் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வை போன தூரம் பத்து முழம்கூட இருக்காது. அதற்கு வசனம் செய்து கொடுத்தவன் நான்.

முதலாளி எழுந்திருக்கவில்லை. "என்னாடா நிறுத்திட்ட? மிச்சப் படத்த யாரு காட்டுறது?" என்றார்.

"மிச்சம் தெரியாது மொதலாளி."

"தெரியாதா? நாலஞ்சு டிவியில ஓடுச்சு, ஒண்ணுலகூடவா பாக்கல?" நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் மகளை அருகே இழுத்துக்கொண்டார். அவருக்கு நடிக்கத் தெரியாது. உட்கார்ந்த இடத்திலேயே, ரேடியோவில் என்ன பழுது என்று சொல்கிற குரலில் சொன்னார். "அது ஓடித்தான் திங்கணும்மா. ஒடம்புல சதையே கெடையாது, பல்லும் சின்னப் பல்லு. சண்டை புடிச்சா கால்ல ஒரு கடி விழும். நொண்டுனா ஓட முடியாது. ஓட முடியலன்னா அதுவும் பட்டினி, புல்லுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற குட்டிங்களும் பட்டினி. அதான், தின்னுத் தொலைங்கடா சனியங்களான்னு போட்டுட்டுப் போயிருச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் குட்டிங்களக் கூப்புடும். சிங்கம் மாதிரி கத்த வராது அதுக்கு. குருவி மாதிரிதான் கூப்புடும்." அந்தப் பெரிய மீசைக்குக் கீழேயிருந்து, கீச் என்று ஒரு சத்தம் வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எல்லாக் குட்டியும் வந்துச்சாப்பா?"

அவர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு நல்ல குட்டி, கூப்புட்டதும் வந்துருச்சு. மூணாவது ஒரு தடிக் குட்டி. வரல. அட்டைப்பெட்டிக்குள்ள மூஞ்சியப் பொத்திக்கிட்டுக் கெடந்துச்சு. இதுகள ஒரு எடத்துல விட்டுட்டு, திரும்பிப் போயி, காதப் புடிச்சு இழுத்துட்டு வர வேண்டியதாப் போச்சு."

மண்டபம் அதிர்ந்தது. சின்ன மகள் என்னைப் பார்த்துச் சிரித்து, அவர் மடியில் முகத்தைப் புதைத்தாள். அன்று முழுக்க அங்கேயே கிடந்தாள். நானும் சிரித்தேன், கூத்தாடி போலக் குனிந்து வணக்கம்கூட வைத்தேன். குனிந்தவன் நிமிர்வதற்குள்தான் 'திரும்பிப் போயி' என்பது காதில் இறங்கிற்று. பிள்ளைகளைக் குசினியில் விட்டுவிட்டு, பொல்லுகளுக்கும் பெற்றோலுக்கும் நடுவே அவர் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். அதை இந்த நிமிடம்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போதும் என்னைச் சபையில் காப்பாற்றுவதற்காக ஒரு பகிடியாகத்தான் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏசத் தெரிந்தவர்தானே!

முதலாளி நாவலப்பிட்டியில் மனைவியின் அண்ணன் வீட்டோடு போய், ஒரு சிறிய அறையில் மறுபடி ரேடியோ திருத்தத் தொடங்கினார். ஆள் விட்டு என்னை வரச் சொன்னார். வாறேன் என்று சொல்லி அனுப்பினேன், போகவில்லை. மறுபடி சொன்னார். காய்ச்சல் என்றேன். அந்தக் காய்ச்சல் வருடக்கணக்கில் நீடித்தது. இப்போது எனக்கு அன்றைய அவரைவிட வயது அதிகம். வீட்டு டிவியில் நாள் முழுக்கச் சீட்டாக்கள் ஓடுகின்றன. மகன், "வேற சேனல் போடுங்கப்பா" என்றாலும், குட்டிகள் வந்து சேரும்வரை மாற்றவிடுவதில்லை.

அவரைக் கடைசியாகப் பார்த்தது கண்டி பஸ் நிலையத்தில். மீசை நரைத்து இறங்கியிருந்தது. கையில் ஒரு பை. நான் பார்த்த அதே நேரம் அவரும் பார்த்தார். முகம் மலர்ந்து கையைத் தூக்கினார். என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. புறப்படத் தயாராக நின்ற ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய்விட்டன. எட்டிப் பார்த்தேன். தூக்கிய கை அப்படியே இறங்கி, காதைச் சொறிவது போலச் சொறிந்தது. பிறகு அவர் மெதுவாக மணிக்கூட்டுக் கோபுரத்தின் பக்கம் திரும்பி, நேரம் பார்ப்பவர் போல, எனக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேரட்டும் என்று நின்றார். பஸ் நகர்ந்தது, ஏறிக்கொண்டேன். அவர் திரும்பவில்லை. கொண்டக்டர் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டபோதுதான், அது எந்த ஊர் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறியிருக்கிறேன் என்பது தெரிந்தது.