சவிரி அண்ணைமேல் விழுந்த பழி

சவிரி அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் லண்டன் குட்மேய்ஸில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றேன். அவருடைய மனைவி ஸ்டெல்லா அக்காதான் தொலைபேசியில். “உங்களுக்குத்தான் தம்பி முதல் சொல்லுறன். கடைசிவரைக்கும் வந்து பாத்தது நீங்கள் ஒராள்தானே” என்றார். அந்த நன்றி எனக்கு உரியதல்ல. ஏன் என்பதை, எங்களோடு அந்தக் கொம்பனியில் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வானொலிப் பெட்டிகளுக்குக் குமிழ் வார்க்க ஒரு வெள்ளைக்காரர் தொடங்கிய பிளாஸ்டிக் கொம்பனி அது. அவருடைய மகன் காலத்தில் ஷாம்பு போத்தல்களுக்கு மூடி செய்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பேரன் முதலாளி. குழந்தைகளால் திறக்க முடியாத மருந்துப் போத்தல் மூடிதான் அப்போது எங்கள் சோறு. மெஷின்கள் மட்டும் பெரும்பாலும் மகன் காலத்தவை.

மன்னாரிலிருந்து வந்த சவிரி அண்ணை மெஷின் செற்றர். சூடு, அழுத்தம், நேரம் எல்லாம் அவர் கையில். மூடி ஆறியதும் ஒன்றை எடுத்துப் போத்தலில் பூட்டி, காதோடு வைத்துத் திருப்பிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் பெட்டி முழுவதும் அரைக்கப் போகும். ஒருநாள் நான் பகிடியாக, போத்தல் உங்களோடு என்ன கதைக்கிறது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இதை ஒரு குழந்தை திறந்து குடிச்சா நீயோ நானோ போய்ப் பதில் சொல்லேலாது” என்றார்.

ஒவ்வொரு மெஷினிலும் செற்றிங் தாள் ஒன்று தொங்கும். அந்த எண்கள் மெஷின் புதிதாக இருந்தபோது எழுதியவை. ஓடிக் களைத்த மெஷினுக்குச் சூட்டைக் கூட்ட வேண்டும், அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சரியான எண்கள் எங்கள் ஆட்களின் தலைக்குள் மட்டுமே இருந்தன. முன்பு ஒருவர் எல்லாவற்றையும் அழகாக எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதமே ஏஜென்சி மூலம் குறைந்த சம்பளத்துக்கு ஒரு ஆளை எடுத்துவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் எழுதக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்தவன் ஷிப்ட் தலைவனாக இருந்த நான். ஷிப்ட் முடிய, தாளின்படி ஓடியது என்று கையெழுத்துப் போட வேண்டியவர் சவிரி அண்ணை.

பேரனுக்கு நடத்த இயலாமல் போக, கொம்பனியை வாங்க வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வந்தது. தரம் சரியாக இருந்தால் புது மெஷின் போட்டு இங்கேயே நடத்துவோம் என்றார்கள். சவிரி அண்ணை சாப்பாட்டு அறையில் என்னைப் பிடித்தார். “தம்பி, சரியான செற்றிங்கை எழுதிக் குடுப்பம். வாறவை தாளைப் பாத்துத்தான் ஓட்டுவினம்” என்றார்.

“எழுதிக் குடுத்தா எங்கட தேவை அதோட முடிஞ்சுதண்ணை” என்றேன். மூடி சரிவராவிட்டால் எங்களிடம் கேட்டே தீருவார்கள் என்பது என் கணக்கு.

அவர்கள் கேட்கவில்லை. எங்களை மெஷின்களைச் சுற்றித் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, தாளில் இருந்த எண்களைப் போட்டுத் தங்கள் ஆளை வைத்தே ஓட்டினார்கள். விளிம்பு வெடித்த மூடிகளாக விழுந்தன. சவிரி அண்ணை ஒரு அடி முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நாங்கள் வாயை மூடிக் கெட்டோம்.

வந்தவர்கள் போனவர்கள்தான். சில மாதங்களில் கொம்பனி பூட்டப்பட்டது. மெஷின்களை வெட்டி இரும்புக்கு ஏற்றினார்கள். அந்த இடத்தில் இனி மாடிக் குடியிருப்பு வரப்போகிறதாம். பூட்டுவதற்குமுன் நடந்த கடைசிக் கூட்டத்தில் முதலாளி தாள்களைத் தூக்கிக் காட்டி, இதன்படிதான் ஓடியது என்று போட்டிருப்பது யாருடைய கையெழுத்து என்று கேட்டார். சவிரி அண்ணை எழும்பி நின்றார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எழும்பவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சவிரியால்தான் எங்கள் வேலை போனது என்று நீங்கள் சொல்லித் திரிந்தீர்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்து அவர் நீட்டிய கையை உங்களில் ஒருவர் பிடிக்காமல் போனதையும் நான் பார்த்தேன். பிறகு அவர் வேறு கோயிலுக்குப் போகத் தொடங்கினார்.

ஆஸ்பத்திரியில் அவர் மெலிந்து கிடந்தபோது, எல்லோருக்கும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே, “சொல்லுறதெண்டா அண்டைக்குச் சொல்லியிருக்க வேணும்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார்.

இதுவரை எழுதியதை முதலில் ஸ்டெல்லா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அண்ணை அவரிடம்கூட என் பெயரைச் சொல்லியிருக்கவில்லை. கேட்டு முடித்தவர் எழும்பிப் போய், வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்தேன்.

அதனால் சவிரி அண்ணையின் நினைவாக அந்த வீட்டிலிருந்து ஒரு படம்கூட என்னால் கேட்டு வாங்க முடியாது. அவர் சாகும்வரை சுமந்த என் பழி ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இனி அவருடைய பெயரைப் பழியிலிருந்து விட்டுவிடுங்கள்.