மாமனாரின் கத்தலோடு ஒரு நடவுப் பாட்டு

கொல்லங்கோட்டில் என் மாமனார் வீட்டில் மருமகள் சத்தமாகச் சிரித்தாலே குற்றம். பாட்டா? மூச்! எழுபதுகளில் என் வீட்டுக்காரர் பெர்சியாவில் வேலையில் இருந்தார்; வளைகுடா நாடுகளை அப்போது அப்படித்தான் சொல்வோம். முதல் விடுப்பில் வந்தபோது ஒரு டேப் ரிக்கார்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதிலிருந்து கடிதத்துக்குப் பதில் கேசட்தான். பேசிப் பதிந்து, அங்கே போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவேன். ஒரு கேசட்டில் அவர், "நல்லேப்பிள்ளியில பாடுவியே, அந்த நடவுப் பாட்டப் பாடி அனுப்பு புள்ள. இங்க மணலத் தவிர ஒண்ணுமில்ல" என்று கேட்டிருந்தார்.

நல்லேப்பிள்ளியில் என் பிறந்த வீட்டுக்கு நிலம் கொஞ்சம்தான். அம்மாவும் நானும் ஆட்களோடு சேற்றில் இறங்கி நாற்று நடுவோம், பாடுவோம். மாமனாருக்கு அது கேவலம். இருக்கட்டுமே! பட்டப்பகலில், கடலை மூட்டை அடுக்கிய அறையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினேன். இரண்டு வரி பாடியிருப்பேன், வாசலில் மாமனார் குரல் வெடித்தது.

"நிறுத்து! கூலிக்கு நடற பொம்பளைக பாட்டா என்ற ஊட்டுல?"

மூன்று தடவை கத்தினார். நான் பாட்டை நிறுத்தவில்லை. முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அதற்கப்புறம் என் கையால் சோறு வேண்டாம் என்று வீம்பு பிடித்தார். பசித்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் மத்தியானம் வந்தார்.

என் வீட்டுக்காரர் வேலையை விட்டு வந்தபோது அந்தக் கேசட்டும் பெட்டியில் வந்தது. நாடா வீணாகிவிடும் என்று இப்போது மகள் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். ஏற்றியவள் சும்மா இருந்தாளா?

"தாத்தா கத்தறது அசிங்கமா இருக்குதும்மா. அத வெட்டிரட்டுமா?"

"தொட்டுப் பாரு, தெரியும்!"

"செரி, இருக்கட்டும். ஆனா இது வேவ் ஃபைலு. சுருக்காம அப்படியே இருக்கறதால எடத்த அடைக்குது, நிமிசத்துக்குப் பத்து எம்பி. எம்பி3 ஆக்குனா பத்துல ஒரு பங்குதான். சொந்தக்காரங்களுக்கு சுளுவா போன்ல அனுப்பிரலாம்."

"அதெப்படிச் சின்னதாகுது?"

"பெரிய சத்தம் வர்றப்ப அதுக்குப் பின்னால இருக்கற சின்னச் சத்தம் காதுல சரியா விழாதுல்லம்மா? அந்த மாதிரி கொஞ்சத்த எடுத்துரும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரியாதா? உங்க தாத்தா கத்துன எடத்துல சின்னச் சத்தம் யாருது? என்ற பாட்டுதான! அன்னிக்கு அவரால எடுக்க முடியல, இன்னிக்கு நீ எடுக்கறயா?"

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அடியில நீ பாடிட்டேதான் இருக்கற. ஒரு வார்த்தகூட விடல."

"எடம் அடைச்சா அடைக்கட்டும்" என்றேன். "இத அப்படியே அனுப்பு. மொதல்ல உங்க தாத்தா பக்கத்துச் சொந்தத்துக்கு."