உறைக்காரி

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோது உறைக்காரிக்குப் பயம் ஒன்றும் வந்துவிடவில்லை. சோப்பு கை நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். இன்னொரு தரம் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். பட்டாணியைவிடப் பெரிதாக இருந்தது. நகரவில்லை, வலிக்கவும் இல்லை. மீதித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தலையைத் துவட்டி, நைட்டியை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடத்தில் அவள் புருஷன் நாற்காலியில் கிடந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்ல முடியாது. கையில் போன். உடம்பு முழுக்க அசையாமல் கட்டைவிரல் மட்டும் எதையோ மேலே தள்ளிக்கொண்டே இருந்தது.

"என்னங்க, மார்ல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுதுங்க."

"ம்."

"ஆஸ்பத்திரில காட்டலாமான்னு பாக்குறேன்."

"ம். அப்படியே மேல வை."

எதை மேலே வைப்பது? அவள் ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு உலை வைக்கப் போய்விட்டாள்.

அந்த மனுஷர் ஒன்றும் பிறவி ஊமை இல்லை. டைப் அடிக்கச் சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் அவர். அவள் கல்யாணமாகி வந்தபோது வீட்டு முன்னறை முழுக்க டைப் மிஷின்தான். பொழுது விடிந்தால் தடதடவென்று ஆரம்பிக்கும், விளக்கு வைக்கிறவரை ஓயாது. அந்த இரைச்சலுக்கு மேலே தொண்டையைத் திறந்தால்தான் பேச்சு. "குழம்புல உப்பு போட்டியா இல்லையா?" என்று அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கத்துவார். "ஊர்ல இருக்கிற உப்பையெல்லாம் உங்க நாக்குதான் தின்னுடுச்சு!" என்று இவள் உள்ளேயிருந்து கத்துவாள். டைப் பழக வந்த பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், எழுத்து தப்பிப்போகும். சண்டை, சமாதானம், கொஞ்சல் எல்லாமே தெருவுக்குக் கேட்கும் குரலில்தான் நடந்தது. ஆனாலும் நடந்தது.

மாஸ்டருக்குத் தூசி ஆகாது. வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு மிஷினுக்கும் உறை போட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கடை உறை தொளதொளவென்று இருக்கிறது என்று சலித்துக்கொண்டார். இவள் ரெக்ஸின் வாங்கிவரச் சொல்லி, டேப்பால் அளந்து, தோளுக்குத் தோள், முதுகுக்கு முதுகு பிடித்துத் தைத்துப் போட்டாள். படிப்பு வாசனை கிடையாது. தன் பேரை எழுதச் சொன்னால் முழிப்பாள். டேப்பில் இருக்கிற எண்கள் மட்டும் தெரியும். அது போதுமாக இருந்தது. உறையைப் பார்த்தவர்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் டேப்ரிக்கார்டர், டிவி, மிக்ஸி. டிவிக்குப் பூப்போட்ட துணியில் ஓரம் சுருக்கி முன்னால் திறக்கிற மாதிரி தைப்பாள். வீட்டுப் பெண்ணுக்குப் பாவாடை இருக்கிறதோ இல்லையோ, டிவிக்கு இருக்கும். அப்படித்தான் உறைக்காரி என்று பேர் ஒட்டிக்கொண்டது.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது.

அதைச் சுமந்து வந்தவர்கள் பெட்டி பெட்டியாக இறக்கியதைப் பார்த்து, சீர்வரிசை வருகிறதோ என்று எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் முன்னறையைப் பாதியாய்த் தடுத்துக் கண்ணாடி போட்டார். உள்ளே ஏசி வைத்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கால் கழுவாமல் வந்த ஒரு பையனை அவர் திருப்பியே அனுப்பிவிட்டார். அப்போது உறைக்காரி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள். நல்ல வெயில் காலம். கம்ப்யூட்டர் உள்ளே ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. இவள் வெளியே முந்தானையால் விசிறிக்கொண்டு கிடந்தாள்.

"அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா நான் உங்க கம்ப்யூட்டராப் பொறக்கணும்" என்றாள்.

"மெதுவாப் பேசு. உள்ள கேக்கப்போவுது."

"ஏன், அதுக்குக் காது வேற இருக்கா?"

"உள்ள பசங்க இருக்காங்கடி" என்று சொல்லி அவர் சிரித்தார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, எழுத்துப் பலகைக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று நாலு உருப்படி தைத்தாள். மவுஸுக்கும் ஒன்று தைத்தாள், வால் வெளியே வர ஓட்டை வைத்து. மாடி வீட்டுக்காரி அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏன்டி, எலிக்குக்கூடவா பாவாடை? பூனை வந்தா வெக்கப்படுமோ?" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கிச் சில மாதத்தில்தான் அது நடந்தது. மாஸ்டர் வெளியே போயிருந்தார். அறையைக் கூட்டப் போன உறைக்காரி, திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்தாள். அணைத்துவிட்டுப் போயிருக்கிறார், உறை போட மறந்துவிட்டார் என்று நினைத்தாள். யாரும் தொடாமல் விட்டால் திரை தானே கறுத்துக்கொள்ளும், உள்ளே உயிர் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தான் தைத்த உறையை இழுத்து, ஒரு சந்து விடாமல் மூடிவிட்டு வந்தாள். மதியம் வீடு முழுக்கப் பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

மாஸ்டர் வந்தார். உறையைத் தூக்கிப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு கொடுத்து அன்றைக்கே தீர்த்திருப்பாள். "இனிமே இந்த ரூமுக்குள்ள வராத" என்றார். அவ்வளவுதான். அறைக்குப் பூட்டு வந்தது. கூட்டுவதும் துடைப்பதும் அவரே செய்துகொண்டார். இவள் உறைகளைத் தைத்து வாசலில் வைப்பாள், அவர் எடுத்துக்கொள்வார்.

அதற்குள் டைப் பழக யாரும் வராமல் போனார்கள். டைப் மிஷின்களைப் பழைய இரும்புக்காரன் வண்டியில் ஏற்றிப் போனான். வீட்டில் முதல்முறையாகச் சத்தம் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, கத்திப் பேசியே பழகிய அந்த இரண்டு பேருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது என்று.

காலம் அதுபாட்டுக்கு ஓடியது. பானை வயிறு மாதிரி இருந்த திரைகள் பிள்ளை பெற்றவள் வயிறு மாதிரி வற்றித் தட்டையாயின. மாஸ்டர் அறையைச் சின்னச் சின்னத் தடுப்பாக்கி நெட் சென்டர் ஆக்கினார். தடுப்புக்குத் திரைச்சீலை தைத்தாள். திரைச்சீலைக்குப் பின்னால் இளவட்டங்கள் ரொம்ப நேரம் சத்தமில்லாமல் இருந்தால் மாஸ்டர் இருமுவார். அந்த இருமல்தான் அவர் வாயிலிருந்து வந்த அதிகபட்ச சத்தம். பிறகு மடித்து வைக்கிற கம்ப்யூட்டர் வந்தது. அது வரும்போதே பையோடு வந்தது. பிறகு எல்லார் சட்டைப்பையிலும் போன் வந்து உட்கார்ந்துகொண்டது. சென்டருக்கு வந்துகொண்டிருந்தவர்கள் தெருவிலேயே நின்று விரலால் தேய்த்துக்கொண்டு போனார்கள். மாஸ்டர் ஒருநாள் வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார்.

முதலில் அவரும் பட்டன் போன்தான் வைத்திருந்தார். அதில் பேசும்போது பழைய வழக்கப்படி கத்துவார். "அப்பா, போனை வெச்சுட்டுப் பேசுங்க, அப்பவும் கேக்கும்" என்று மகள் கேலி செய்வாள். அப்புறம் கண்ணாடி போன் வந்தது. கத்தலும் நின்றது. அதற்கு வெல்வெட்டில் நாடா வைத்து ஒரு பை தைத்துக் கொடுத்தாள். "சூடேறும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அதில் இப்போது நூல் சுற்றிய பாபின்களைப் போட்டு வைத்திருக்கிறாள். தூசிக்குப் பயந்து எலிக்குக்கூடப் பாவாடை கட்டவிட்ட மனுஷர், இதை மட்டும் அம்மணமாகக் கையிலேயே வைத்துக்கொண்டார். கீழே வைத்தால்தானே உறை வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகத்தான் போனாள். டாக்டரம்மா சின்னப் பெண். அமுக்கிப் பார்த்து, படம் எடுக்கச் சொல்லி, படத்தையும் பார்த்தது.

"ஊசி வெச்சுக் கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்மா. வெள்ளிக்கிழமை வெறும் வயித்தோட வாங்க. வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க. தனியா வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடுவோம்."

"அவர் வருவாரான்னு தெரியலம்மா."

"ஏன், ஊர்ல இல்லையா?"

"வீட்லதான் இருக்கார்."

டாக்டரம்மா அவள் முகத்தைப் பார்த்தது. அவள் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு தரம் வாயைத் திறந்தாள். ஒரு தரம் அவர் கையைத் தூக்கி, இரு, என்று காட்டினார். போனில் யாரோ கிணறு தோண்டுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தரம் "சரி சரி" என்றார். எதற்குச் சரி என்று கேட்டால், "எதுக்கு?" என்று அவரே திருப்பிக் கேட்டார்.

மகள் கடல் தாண்டி இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. அன்றைக்கு அவள் கூப்பிட்டு, "அப்பா எப்படிம்மா இருக்கார்?" என்றாள்.

"சார்ஜ் போட்டுக்கிட்டு இருக்கார்."

மகள் சிரித்தாள். உறைக்காரி கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. பால் கொடுக்கிறவளிடம் எதற்கு?

மாடி வீட்டுக்காரியிடம் மட்டும் சொன்னாள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் வரேன்டி. வெள்ளிக்கிழமை சேந்து போகலாம்."

"புருஷன் உசுரோட இருக்கும்போது அடுத்த வீட்டு ஆளைக் கூட்டிட்டுப் போய் நின்னா என்னை என்ன நினைப்பாங்க?"

"உசுரோடதான் இருக்காரா? கிட்டப் போய் நல்லாப் பாத்தியா?"

உறைக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடம்தான். கொஞ்ச நாளாகவே எதுவும் வருவதில்லை.

"ஒண்ணு செய்" என்றாள் மாடி வீட்டுக்காரி. "நேரா சொன்னா ஏறாது. போன்ல அனுப்பு. அதுல வர்றதுதான் அந்த ஆளுக்கு மண்டைக்குள்ள போவுது."

"ஒரே வீட்ல இருந்துக்கிட்டா?"

"நீ ஒரே வீட்ல இருக்கே. அவரு எங்க இருக்காரு?"

வியாழக்கிழமை சாயங்காலம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மகள் கொடுத்துவிட்டுப் போன போன் ஒன்று அவளிடமும் உண்டு. எழுதத் தெரியாது என்பதால் மைக் படத்தை அமுக்கிப் பேசி மகளுக்கு அனுப்புவாள். புருஷனுக்கு இதுவரை அனுப்பியதில்லை. அவர் படத்தைத் தேடினாள். கண்ணாடி அறைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழைய படம். மைக்கை அமுக்கினாள்.

"நான்தாங்க. அடுப்படிலேருந்து பேசறேன். எனக்கு இடது மார்ல ஒரு கட்டி இருக்கு. அன்னைக்கே சொன்னேன், நீங்க மேல வைன்னீங்க. நாளைக்கு ஊசி வெச்சு சதை எடுக்கணுமாம். கூட ஆள் வரணுமாம். நீங்க வரணும். அவ்வளவுதான். குழம்பு கொதிச்சதும் சாப்பிடலாம்."

விரலை எடுத்தாள். கூடத்தில் 'டிங்' என்றது.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம். போனில் வருகிற பேச்சு எதையும் அதன் வேகத்தில் கேட்க மாட்டார். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார். மகள் அனுப்புகிறதும் அப்படித்தான் ஓடும். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் உறைக்காரியின் குரலே அணில் கத்துவது மாதிரி கிறீச் கிறீச்சென்று ஓடியது. கட்டி, ஊசி, சதை எல்லாம் ஒரு மூச்சில் போய்விட்டன. யாரோ பொம்மைக்கு நடந்தது போல இருந்தது. அவள் கரண்டியால் குழம்பைக் கிண்டினாள்.

பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தரம் மெதுவாக, அவள் பேசிய மாதிரியே. இது யார் இவ்வளவு கிழட்டுக் குரலில் பேசுவது என்று பார்த்தால், தான்தான். முழுக்க ஓடி முடிந்தது. நாற்காலி தரையில் தேய்கிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கிட்டத்தில் இருப்பதையே பார்த்துப் பழகிய கண், அவளைப் பார்க்கக் கொஞ்சம் சுருங்கியது.

"எந்தப் பக்கம்?"

"அதுலயே சொல்லியிருக்கேனே. இடது."

"எப்பத்திலேருந்து?"

"தெரியல. இப்பதான் கைக்குத் தட்டுப்பட்டுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அந்தக் காலமாக இருந்தால் இந்தக் கேள்விக்கு அவள் ஊரைக் கூட்டியிருப்பாள்.

"சொன்னேன்" என்றாள்.

அவர் தரையைப் பார்த்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார், விட்டார்.

"வலிக்குதா?"

"இல்ல."

"எத்தனை மணிக்குப் போகணும்?"

"காலைல. வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்கு."

"எனக்குமா?"

"உங்களுக்கென்ன. நீங்க தின்னுட்டே வரலாம்."

"இல்ல, நானும் சாப்பிடல" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். அவளும் போகச் சொல்லவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

அடுப்பை அணைத்தாள். மனசு லேசாகுமா என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். ஆகவில்லை. கூட வர ஆள் கிடைத்துவிட்டது, அந்த மட்டும் சரி. ஊசி வைக்கச் சௌகரியமாக முன்னால் ஹூக் வைத்த ரவிக்கை ஏதாவது துவைத்து மடித்து இருக்கிறதா என்று பார்க்க, அவரைத் தாண்டி உள்ளே போனாள்.