‘லைக் திஸ்’ அற்புதராணி

அற்புதராணி வந்த முதல் நாளே எனக்கு அவள்மேல் எரிச்சல் வந்துவிட்டது. ஷார்ஜாவில் ரோலா என்கிற பகுதியில் ஒரே அறையை நடுவில் துணித்திரை போட்டுப் பிரித்து, ஆளுக்கொரு கட்டில் என்று வாடகைக்கு விட்டிருந்தார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நான், பிரபாவதி, மன்னார்குடிக்காரி. அதே கட்டடத்தின் கீழே டைப்பிங் சென்டரில் ஊரார் விண்ணப்பங்களை இங்கிலீஷில் அடித்துக் கொடுப்பவள். அந்தப் பக்கம் இவள். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் தொண்டை கிழிய இருமுகிறாள், காலை இழுத்து இழுத்து நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறாள். தொற்றுநோய்க்காரியை என் தலையில் கட்டிவிட்டார்களே என்று திரையை விலக்கினேன்.

“ஏம்மா, உடம்பு சரியில்லயா?”

“ஒண்ணும் இல்லக்கா. எனக்க பிள்ளைகிட்ட பேசுதேன்” என்று செல்போனைக் காட்டினாள். அதில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதுதான் அக்ஸா. கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்தில் அப்பா இஸ்ரவேலோடு இருந்தாள். அம்மாவுக்கு இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் உதவி நர்ஸ் வேலை. அன்றன்றைக்குப் பார்த்த நோயாளிகள் எப்படி நடந்தார்கள், எப்படித் தும்மினார்கள் என்று அம்மா நடித்துக் காட்டினால்தான் மகளுக்குச் சோறு உள்ளே போகும். சும்மா சொல்லக்கூடாது, அவள் நடிப்பை ஒரு வாரம் பார்த்த பிறகு எனக்கே அவளுடைய வார்டு ஆட்கள் எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள்.

வார்டிலும் அவள் அப்படித்தான். உடன் வேலை செய்கிறவர்களில் பிலிப்பைன்ஸ்காரி உண்டு, சூடான்காரி உண்டு, மலையாளிகள் உண்டு. டூட்டி மாறும்போது நோயாளியைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். “பேஷன்ட் வாக்கிங் லைக் திஸ்” என்று நடந்து காட்டுவாள். “பிரீத்திங் லைக் திஸ்” என்று மூச்சு வாங்கிக் காட்டுவாள். எல்லோருக்கும் புரிந்துவிடும். வளைகுடாவில் நம் ஆட்கள் பிழைப்பதே இந்த மாதிரிதான். என்ன செய்தான் என்பதற்கு ஒரு வார்த்தை கைவசம் இருந்தால் போதும், எப்படிச் செய்தான் என்பதைக் கை பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கைதான் அவளைக் கவிழ்த்தது. ஸ்டாஃப் நர்ஸ் ஆனால்தான் கணவனையும் பிள்ளையையும் அழைத்துக்கொள்ள விசா கிடைக்கும். ஸ்டாஃப் நர்ஸ் ஆக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் வைக்கும் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். தேர்வு போனில். டாக்டர் வீட்டில் இருக்கும்போது நர்ஸ் போனில்தானே நிலவரம் சொல்ல வேண்டும்? சூப்பர்வைசர் அடுத்த அறையில் உட்கார்ந்து “ஹவ்? ஹவ்?” என்று கேட்பார். இவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “லைக் திஸ் சார், லைக் திஸ்” என்று இரண்டு கையாலும் காட்டுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற மனிதருக்கு என்ன தெரியும்?

இரண்டாவது முறையும் தோற்றுவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் என்று சொல்லிவிட்டார்களாம். எனக்கு அழுகிறவர்களைக் கண்டால் ஆகாது. கோபம் வந்துவிடும், அதற்குப் பின்னால் எனக்கும் அழுகை வந்துவிடும்.

“எந்திரிடி. எப்படின்னு கேட்டா எப்படின்னு சொல்லணும். இவ்வளவுதானே சங்கதி? நான் சொல்லித் தாரேன்.”

சொல்லிக்கொடுத்தேன். மெது என்பதோடு ஆக சேர்த்து மெதுவாக என்கிறோமே, அதுபோல ஸ்லோ என்பதோடு லி சேர்த்தால் ஸ்லோலி என்றேன். அவள் ஃபாஸ்ட்லி என்றாள். அதற்கு மட்டும் லி கிடையாது என்றேன். ஏன் என்றாள். எனக்கு எப்படித் தெரியும்? நானா அந்த பாஷையைச் செய்தேன்? புத்தகத்தை மூடிவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால், எப்படி என்பது இவளுக்குத் தெரியாமல் இல்லை. தமிழில் கேட்டால் கொட்டுகிறாள். தத்தித் தத்தி, வெடுக்குன்னு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கி என்று அடுக்குகிறாள். கை முந்திக்கொள்கிறது, அதனால் இங்கிலீஷ் சொல் பிந்திவிடுகிறது, அவ்வளவுதான். கையைக் கட்டிப்போட வழி எங்கள் அறையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாளிலிருந்து திரையை இழுத்து மூடிவிட்டு நான் இந்தப் பக்கம் நிற்பேன். அவள் வெறும் வாயால் சொல்ல வேண்டும், அதன்படி நான் நடக்க வேண்டும். கடைசியில் திரையை விலக்கி, அவள் மனதில் நினைத்த நோயாளியும் நானும் ஒன்றுதானா என்று பார்ப்பாள்.

“பேஷன்ட் இஸ் வாக்கிங் ஸ்லோலி.”

“எந்த மெதுவுடி? காலு வலிக்கிற மெதுவா, பில்லு கட்டப் போற ஆளோட மெதுவா?”

அந்தப் பக்கம் சிரிப்பு. பிறகு கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு, “அன்ஸ்டெடிலி!” நான் தள்ளாடிப் போய்க் கட்டில் காலில் முட்டிக்கொண்டேன். இன்னொரு நாள் அவள் வலி என்று மட்டும் சொல்ல, கொஞ்சமாகவா தாங்க முடியாமலா என்று தெரியாமல் நான் சும்மா நின்றேன். அப்படித்தான் ஸ்லைட்லியும் சிவியர்லியும் வந்து சேர்ந்தன. பிறகு ஆட்டத்தைத் திருப்பினோம். நான் இந்தப் பக்கம் இருமுவேன், முனகுவேன், இளைப்பேன். காதால் கேட்டதை அவள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். நான் நன்றாக நடிக்கவில்லை என்று அக்ஸா போனில் எனக்கு மார்க் குறைப்பாள்.

தேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை, சொல்லிக்கொடுத்ததற்கு நன்றியாம், மீன் மார்க்கெட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்து தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தாள். எங்கள் வீட்டில் நண்டு சமைத்ததே கிடையாது. அவள் ஓட்டை உடைத்து உடைத்துக் கொடுக்க, நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டுப் பாடத்துக்குத் திரையை மூடினோம்.

தொண்டை அரித்தது. உதடு தடித்தது. மூச்சை இழுத்தால் விசில் மாதிரி சத்தம்தான் வந்தது, காற்று வரவில்லை.

“பேஷன்ட் இஸ் பிரீத்திங் ரேப்பிட்லி!” என்றாள் அந்தப் பக்கத்திலிருந்து, ஒரே உற்சாகமாக. “நாய்ஸிலி! எக்கா, இன்னைக்கு அசலா இருக்கு கேட்டியளா!”

கூப்பிட நினைத்தேன், பேர் வாய்க்கு வரவில்லை. கட்டிலை ஓங்கித் தட்டினேன். அதையும் நடிப்பு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. நான் அவ்வளவு நன்றாக நடிக்கிறவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். திரை வளையங்கள் தெறித்து விழ இழுத்துத் திறந்தாள்.

என் முதுகுப் பக்கம் உட்கார்ந்து இரண்டு கையாலும் என்னை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸுக்கு அடித்த போன் மெத்தையில் ஸ்பீக்கரில் கிடந்தது. ஆம்புலன்ஸ் அறையில் இருந்த பெண் கேட்டாள்: “ஹவ் இஸ் ஷி பிரீத்திங்?”

செத்தோம் என்று நினைத்தேன். லைக் திஸ் என்று சொல்லிவிடுவாளோ என்று அந்த நிலைமையிலும் பயந்தேன். அவள் கை இரண்டும் என்மேல் இருந்தன.

“ஷி இஸ் பிரீத்திங் ரேப்பிட்லி, வெரி நாய்ஸிலி. ஹர் லிப்ஸ் ஆர் ஸ்வெல்லிங் குயிக்லி. ஷி கேன் பேர்லி ஸ்பீக். ஷி ஏட் கிராப் ரீசன்ட்லி.”

மூச்சு எப்படி, வீக்கம் எவ்வளவு வேகம், பேச்சு எவ்வளவு மிச்சம், நண்டு எப்போது என்று எல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெண் இரண்டாவது முறை “ஹவ்?” என்று கேட்கவில்லை. வண்டியில் வந்தவர்கள் படியேறும்போதே ஊசியைத் தயாராக எடுத்து வைத்திருந்தார்கள். நண்டு ஒத்துக்கொள்ளாத உடம்பு, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் அவ்வளவுதான் என்று டாக்டர் பிறகு சொன்னார். கொல்லப் பார்த்தவளும் இவள்தான், காப்பாற்றியவளும் இவள்தான் என்று நான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லுவேன். சொல்லும்போது கேலியாகத்தான் ஆரம்பிப்பேன், முடிக்கும்போது அது கேலியாக இருக்காது.

அடுத்த வாரம் தேர்வு. ஏதாவது ஒரு நோயாளியைப் பற்றிச் சொல் என்றாராம் சூப்பர்வைசர். என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு, இப்போது அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டாராம்.

“ஷி இஸ் ஸ்கோல்டிங் மீ லவுட்லி, சார்.”

சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது போன் இல்லாமலே கேட்டதாம்.

அவள் தேறினாள், விசா கிடைத்து இஸ்ரவேலும் அக்ஸாவும் வந்து சேர்ந்தார்கள். மூன்று பேரும் இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார்கள். திரைக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ வந்துவிட்டார்கள். அற்புதத்துக்கு நான் கொடுத்தது ஏழெட்டு சொற்கள். அவள் எனக்குக் கொடுத்தது நான் இப்போது விடுகிற மூச்சு. இந்த நன்றியை எப்படிச் சொல்வது என்று மட்டும் எனக்கு இதுவரை பிடிபடவில்லை, இத்தனைக்கும் வாத்தியாரம்மா நான்.

தினமும் சாயங்காலம் அக்ஸா போன் செய்வாள். வீடியோ கூடாது, வெறும் குரல்தான். அம்மாவைப் போலவே அவளுக்கும் இப்போது அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. நேற்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

“பெரியம்மா, எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் கண்ணு.”

“நல்லான்னா எப்படி நல்லா? மூச்சு எப்படி விடுறீங்க?”

பின்னால் அற்புதம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவளும் கேட்கிறாள் என்று தெரிந்தது. தெரிந்த சொல்லையெல்லாம் தேடிப் பார்த்தேன், ஒன்றும் போதவில்லை. போனை மூக்கருகே கொண்டுபோய், தடையில்லாமல், நிதானமாக, ஒரு மூச்சை இழுத்து விட்டேன்.

“லைக் திஸ்” என்றேன்.