பலாப்பழமெல்லாம் வலது பக்கம்

அந்த வீடியோக்காரன் பொய் சொல்கிறான். நேற்று யாரோ என் போனுக்கு அனுப்பியது. புது ஜீப்பில் முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் அமைப்பை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே இரும்பு ஆக்சிலை மாட்டியிருக்கிறான். கல்வராயன் மலையில் ஓட்டியும் காட்டுகிறான். "ரெண்டு நாள் வேலைதான், யார் வேணா பண்ணலாம்" என்கிறான். பொய் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே பொய்யை அவனுக்கு முன்பே சொன்னவன் நான்.

வீடியோவில் கிரைண்டர் பொறி பறந்ததுமே பஷீர் பாய் பட்டறை வாசம் மூக்கில் ஏறிவிட்டது. கருகிய பெயிண்ட், கிரீஸ், பாய் வீட்டு இஞ்சி டீ. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருந்தது அந்தப் பட்டறை. நான் அங்கே வெல்டர். அப்படி நான்தான் சொல்லிக்கொள்வேன். பாய் என்னை 'ஓட்டை அடைக்கிறவன்' என்பார்.

அதே கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு ஆள் ஏற்றிப் பிழைத்த அந்தோணி அண்ணன், பழைய ஜீப்பை விற்றுவிட்டுப் புது மாதிரி ஒன்றை வாங்கினார். தார்ச்சாலையில் தொட்டில் மாதிரி போகும். மலைப்பாதையில் சில மாதத்திலேயே முன்சக்கரங்களைத் தனித்தனியாகத் தாங்கிய இரும்புக் கைகள் வளைந்து, முன் டயர் இரண்டும் குடிகாரன் கால் மாதிரி அகண்டு நின்றன.

"இன்னா பாய் இது, மலைக்கு ஓட்டற வண்டியா, மாப்ள ஊர்வலத்துக்கு ஓட்டறதா?"

"வெட்டிக் கடாசிட்டு பழைய ஆக்சில மாட்டிரலாம். இன்னாடா?" என்று பாய் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு நாள் வேலைங்க" என்றேன்.

மாட்டினோம். வண்டி ஒரு சாண் உயர்ந்தது. அண்ணன் யானை மேல் போகிறவர் மாதிரி போனார். நாலாம் நாள் திரும்பி வந்தார்.

"கல்லு மேல ஏறினா லெப்ட்ல இஸ்துக்கினு போவுது பாய்."

இறக்கத்தில் இடது பக்கம் பள்ளத்தாக்கு. பாய் யோசித்தார். நானும் யோசிப்பது போல் நின்றேன். கடைசியில் இடது பக்கம் பாரம் ஜாஸ்தி என்று முடிவு செய்தோம். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க இருவருக்குமே தோன்றவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிமலையில் ஏறுகிறவர்களை அண்ணன் உடம்பு பார்த்து உட்கார வைத்தார்.

"பலாப்பழமெல்லாம் ரைட்டு. யக்கா, நீங்களும் ரைட்டு."

"இன்னா அந்தோணி, பழத்தோட என்னையும் சேத்துட்ட?"

"பழம் கம்மியா பேசும்க்கா."

இழுப்பு நிற்கவில்லை. நின்றுவிட்டது என்று நாங்கள்தான் நம்பினோம். ஒரு சந்தை நாள், இறக்கத்தில் ஒரே ஒரு கல். ஜீப் இடது பக்கம் பாய்ந்து புளியமரத்தில் இடித்து நின்றது. மரத்துக்கு அந்தப் பக்கம் வெறும் காற்று. உள்ளே எட்டுப் பேர். ஸ்டியரிங் சுழன்றதில் அண்ணனின் மணிக்கட்டு உடைந்தது. அந்த அக்காவுக்குக் கீறல்கூட இல்லை. வலது பக்கம் உட்கார்ந்திருந்தாரே!

வண்டியைப் பட்டறைக்கு இழுத்து வந்ததும், ஆத்திரத்தில் பாய் பம்பர்மேல் ஏறி ஒரு குதி குதித்தார். பாய் நல்ல கனம். உள்ளே யாருமில்லை, ஸ்டியரிங் தானாகத் திரும்பியது. அப்போதுதான் குனிந்து பார்த்தோம். வண்டியை உயர்த்தியதில், ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற கம்பி ஏணி மாதிரி சாய்ந்திருந்தது. ஒவ்வொரு கல்லிலும் அதுதான் சக்கரத்தைத் தள்ளியிருக்கிறது. அதைப் படுக்கையாக்க மூன்று வாரம் ஆயிற்று. நான் சொன்ன ரெண்டு நாள் வேலை.

அண்ணனின் கை அதற்கப்புறம் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. பாய் இறந்துவிட்டார். பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. மலைக்கு பஸ் போகிறது. பலாப்பழம் லாரியில் இறங்குகிறது, எந்தப் பக்கம் வைப்பது என்று யாரும் கேட்பதில்லை.

வீடியோக்காரா, நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உன் வண்டியிலும் கம்பி ஏணியாகத்தான் நிற்கிறது. இறக்கத்தில் நீ ஸ்டியரிங்கை வெடுக்கென்று பிடித்ததும் தெரிகிறது, அதை மறைக்க அங்கே பாட்டுச் சத்தத்தை ஏற்றிவிட்டாய். உன்னை நம்பி எத்தனை பேர் வண்டியை வெட்டப் போகிறார்களோ! ஸ்டியரிங்குக்கு நேராக கேமராவை வை. பம்பர்மேல் ஏறிக் குதி. வீடியோவில் எதையும் வெட்டாமல் அதே சேனலில் போடு. திரும்புகிறதா, இல்லையா? எல்லார் முன்னாலும் சொல்.